பெயர் வரும் முன்

அய்யம்பேட்டையில் மௌத்து அறிவிப்பு என்றால் பெயர் கடைசியில்தான் வரும். தொழுகை இல்லாத நேரத்தில் பள்ளிவாசல் மைக்கை யாரோ தட்டுவார்கள். முதலில் தெரு, பிறகு இன்னாரின் மகனும் இன்னாரின் தகப்பனாரும் என்று உறவெல்லாம் வந்து, இறந்தவர் பெயர் வருவதற்குள் கேட்கிறவர்களுக்கு உயிர் போய் உயிர் வரும்.

த்ரில்லர் படத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் எங்கே கிடைக்கும் என்று ஃபாஜில் துள்ளினான். குறும்படம்தான், ஆசை மட்டும் பெரிது. பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாரையே கெஞ்சிக் கூத்தாடிப் பேசவைத்தான். "மௌத்துல விளையாடாத தம்பி, பேரெல்லாம் சொல்ல மாட்டேன்" என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார். அதுவும் நல்லதாகப் போயிற்று. வாய்க்கு வந்தபடி தன் தெருவான நடுத்தெருவையே சொல்லச் சொன்னான்.

அப்போது அவனைப் பெற்ற அத்தா ஹாஜா மைதீன் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் நெஞ்சுவலியோடு கிடந்தார். துணைக்கு அண்ணன் ஃபஹத் இருந்தான். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று ஃபாஜில் படத்தைத் தொகுக்க உட்கார்ந்தான். மைக் தட்டியதும் காற்றாடிச் சத்தம், தெருச் சத்தம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டான். கதாநாயகியின் முகத்தை நோக்கி காமிரா மெல்ல மெல்ல நகர்ந்தது. அதற்குப் பிறகு வரும் மௌனத்தை இன்னும் இழுத்துவிட்டு, ஸ்பீக்கரில் சத்தமாக ஓடவிட்டான்.

"நடுத்தெரு, மர்ஹூம்..." காலஞ்சென்ற என்கிற அந்தச் சொல்லோடு குரல் நின்றது.

திரும்பினால் வாசற்படியில் அம்மா நூர்ஜஹான் நின்றாள். கண் பள்ளிவாசலைப் பார்த்த ஜன்னலில் இருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை, உதடு மட்டும் அசைந்தது. இந்த முகமல்லவா படத்துக்கு வேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது அவனுக்கு. அப்படித் தோன்றியதற்காகத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"அம்மா, படம்மா! நான் எடுத்த படம்! அத்தாவுக்கு ஒண்ணுமில்ல, இப்பத்தான் அண்ணன் பேசுனான்."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டவில்லை.

"பேரு வரலியேடா?"

"பேரே கிடையாதும்மா. மோதினார் சொல்ல மாட்டேன்னுட்டாரு."

"நான் சொல்லிட்டேன்டா" என்று அழுதாள். "நடுத்தெருன்னு கேட்டதும், உங்கத்தாவா இருக்கக் கூடாது, கபீரண்ணனா இருக்கட்டும்னு அல்லாகிட்ட துஆ கேட்டுட்டேன். பேரைச் சொல்லியே கேட்டுட்டேன்."

அஹமது கபீர் பக்கத்து வீட்டுக்காரர். பக்கவாதத்தில் படுத்த படுக்கை. தினமும் அவருக்குக் கஞ்சி காய்ச்சி, அவர் மனைவி சஃபியாவிடம் கொண்டுபோய்க் கொடுப்பவள் நூர்ஜஹான்தான்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அன்றைய கஞ்சியைத் தூக்குவாளியில் ஊற்றி அவனிடம் நீட்டினாள்.

"இனிமே நீ கொண்டுபோய்க் குடு. சஃபியா முகத்துல என்னால முழிக்க முடியாது."