கோடு பிசகாத படம்

துணியில் ஒட்டியிருந்த காகித டேப்பின் நுனியை நகத்தால் கிளப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இழுத்தான் தியாகு. கறுப்புச் சாயத்தின் ஓரம் நேராக நின்றது. ஒரு பிசிறு இல்லை. அப்பாடா என்றிருந்தது. இந்தப் படத்துக்குள் யாரும் வர முடியாது.

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம் வரை அவன் படம் போட்ட விதமே வேறு. பகலில் அலுவலகத்தில் சாக்கடைக்கும் பாலத்துக்கும் வரைபடம் போடுவான். சாயங்காலம் காஜா பேராங் பகுதியில் இருந்த தன் வீட்டுப் பின்கட்டில் துணியைத் தரையில் விரித்து, அகலத் தூரிகையைச் சாயத்தில் முக்கி வீசுவான். யோசனை இல்லாமல் கை போகும். கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு கனவான், புதிய நாட்டின் வேகம் இதில் தெரிகிறது என்று பாராட்டிவிட்டுப் போனார். துணி விற்கும் சிஹாபுதீன் பாய்தான், “ரெண்டு சேவல உள்ள விட்டு அடிச்சிக்க வச்சியா தியாகு?” என்று கேட்டார். இரண்டு பேருமே சரியாகப் பார்க்கவில்லை. கடைசி வீச்சு விழுந்ததும் அதில் ஒரு முகம் வந்துவிடும். ஒட்டிய கன்னம், உள்ளே போன கண், தண்ணீருக்குத் திறந்த வாய். அண்ணன் மருதமுத்து. மேலே சாயம் பூசி மூடினால் அடுத்த துணியில் வருவான்.

ஜப்பான்காரன் காலத்தில் சயாமில் ரயில் பாதை போட அண்ணன் தம்பி இருவரையும் ரப்பர் தோட்டத்திலிருந்து லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பியது தம்பி மட்டும். வாசலில் அண்ணி சந்திரமதி நெற்றி நிறையப் பொட்டோடு நின்றாள். அந்தப் பொட்டைப் பார்த்ததும் அவனுக்கு நாக்கு எழவில்லை. அண்ணனை வேறு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள், அதற்குமேல் தெரியாது என்று சொல்லிவிட்டான். வாந்திபேதியில் போன அண்ணனைப் பாயில் சுருட்டிப் பாதை மண்ணுக்குள் வைத்து மூடியவனே அவன்தான். மறுநாள் அதன்மேல் தண்டவாளக் கட்டை அடுக்கியதிலும் அவன் கை உண்டு.

அன்றுமுதல் அண்ணி வெள்ளிக்கிழமை தவறாமல் ஜாலான் துக்காங் எமாஸ் தெருவிலுள்ள பொய்யாத பிள்ளையார் கோயிலுக்குப் போய், ‘மருதமுத்து, பூச நட்சத்திரம்’ என்று அர்ச்சனை செய்கிறாள். உயிரோடு இருக்கிறவர்களுக்குச் செய்வது. கூடப் போகும் தியாகு வாசலோடு நின்றுவிடுவான். அந்தப் பிள்ளையார் முன்னால் எந்த முகத்தோடு போய் நிற்பது?

ஒருநாள், காயப் போட்டிருந்த துணியைப் பார்த்து அண்ணி நின்றுவிட்டாள்.

“இது அவுங்க நெத்திதானே தம்பி?”

“வெறும் சாயம் அண்ணி.”

அவன் துணியைச் சுருட்டி உள்ளே கொண்டுபோனான். அந்த வாரம் சீனன் பட்டறையில் ஒரு காருக்கு இரண்டு நிறம் அடித்துக்கொண்டிருந்தார்கள். காகித டேப்பை ஒட்டி, சாயம் அடித்து, ஈரம் காய்வதற்குள் உரித்தார்கள். அந்தக் கோட்டைப் பார்த்தபோது தப்பிக்க வழி கிடைத்துவிட்டது என்று நினைத்தான். தூரிகை வீச்சை அன்றோடு விட்டான். அளவுகோல், டேப், தட்டையான சாயம். சிஹாபுதீன் பாய், “இத சாரோங் கைலிக்குப் போட்டா நல்லா ஓடும்” என்றார். கேலிதான். ஆனால் முகம் வரவில்லை, தியாகுவுக்கு அது போதும்.

இன்றைக்கும் வெள்ளிக்கிழமை. அர்ச்சனைத் தட்டோடு கிளம்பிய அண்ணி அவனைக் கூப்பிடப் பின்கட்டுக்கு வந்தாள். படத்தைப் பார்த்தாள். செம்மண் நிறத்தின்மேல் ஒரே இடைவெளியில் கறுப்புப் பட்டைகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. தட்டைக் கீழே வைத்தாள்.

“இப்படித்தான் கட்டை அடுக்குனீங்களா தம்பி?”

அப்போதுதான் தியாகுவுக்கும் தெரிந்தது. ஒவ்வொரு பட்டையையும் அளந்து ஒட்டியவன் அவன். அத்தனை நாளும் அது கண்ணில் படவில்லை.

“திரும்பி வந்தவங்க சொன்னாங்க. செத்தவங்கள அங்கயே போட்டு, மேல கட்டைய அடுக்குவாங்களாமே.” அவள் குரல் உயரவில்லை. “எனக்கா வந்து உங்கள கேக்க வாய் வரல. இதுல அவுங்க எங்க இருக்காங்க?”

வேறு முகாம் என்ற பழைய பதில் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் அவள் தட்டை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போயிருப்பாள். ஆனால் முன்பெல்லாம் தூரிகையோடு போன அந்தக் கை, அவனைக் கேட்காமல் நீண்டது. கடைசிப் பட்டைக்குக் கீழே ஓரிடத்தைக் காட்டி நின்றது.

சந்திரமதி குனிந்து அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். தூங்குகிறவரை எழுப்பாமல் தொடுவதுபோல் வைத்தாள். கையை எடுத்தபோது, பட்டையின்மேல் பட்டிருந்த விரல்கள் ஈரக் கறுப்பை இழுத்துக்கொண்டு வந்தன. அதே கையால் பொட்டைத் துடைத்தாள்.

தியாகு டேப் சுருளைப் பிடித்தபடி நின்றான். தட்டில் தேங்காய் உடையாமல் இருந்தது. துணியில் அவள் விரல் இழுத்த கறுப்பு, பட்டையிலிருந்து பிசகி, செம்மண்ணின்மேல் வளைந்து ஓரம்வரை போயிருந்தது. அது இன்னும் காயவில்லை.