எறும்பு வராத நாற்பது நாள்

அடுப்பு பற்றவைக்கும் முன் கங்கம்மா கொல்லை முருங்கை மரத்தடிக்குப் போய்க் குனிந்து பார்ப்பாள். அவள் புருஷன் கலியன் விடியலில் ஒன்றுக்குப் போகிற இடம் அது. எறும்பு மொய்த்திருந்தால் முந்தின நாள் எங்கேயோ இனிப்புத் தின்றிருக்கிறான் என்று அர்த்தம்.

ஆடியில் சர்க்கரைப் புண் வந்து அவன் இடது கால் கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள். இன்னொரு புண் வந்தால் முழங்காலோடு போகும் என்றார் டாக்டர். ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலேறி கும்மிடிப்பூண்டிக் கம்பெனிக்குப் போய், நாள் முழுக்க நின்றபடி இரும்பு கடைகிற வேலை அவனுக்கு. கால் போனவனுக்கு அங்கே யாரும் ஸ்டூல் போட்டுத் தரமாட்டார்கள்.

இனிப்பில்லாமல் அவனுக்குச் சோறு இறங்காது. அதனால் பப்பாளியை மசித்து, தேங்காய்ப்பாலில் கலந்து, ஏலக்காய் தட்டிப்போட்டு, மேலே நாலு கொய்யாத் துண்டு வைத்துச் சின்னக் கிண்ணத்தில் கொடுத்தாள். சர்க்கரை ஒரு சிட்டிகை கிடையாது. முதல் வாரம் சுவரைப் பார்த்துக்கொண்டு தின்றான். அப்புறம் கிண்ணத்தை விரலால் வழித்தான். நாற்பது நாள் மரத்தடியில் ஓர் எறும்பு இல்லை.

நாற்பத்தோராம் நாள், கலியனின் தங்கை ஞானம்மா தன் குழந்தைக்குக் காது குத்த அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டாள். தாய்மாமன் மடியில் அல்லவா குத்தவேண்டும்? பாயாசத்துக்குத் தன் ரேஷன் சர்க்கரை போதவில்லை என்று கேட்டாள். தனக்கு வேண்டாத சர்க்கரைதானே என்று கங்கம்மாவும் தன் கார்டுக்கு வந்ததை அப்படியே எடுத்துக் கொடுத்தாள்.

பந்தியில் கலியனின் இலையோரம் கங்கம்மா பப்பாளிக் கிண்ணத்தை வைத்ததும் ஞானம்மா சிரித்தாள்.

"இன்னா அண்ணி, சீக்காளிக்குக் குடுக்கற மாதிரி? எங்க அண்ணன் இன்னா ஆஸ்பத்திரியிலயா கீறாரு?"

"ஆஸ்பத்திரிக்குப் போவக்கூடாதுன்னுதான் குடுக்கறேன்."

"மாமன் வாயில பாயாசம் படாம கொழந்த காதுல கம்பி படலாமா? இந்தாண்ணா, குடி. உன் ஊட்டு சக்கரதான்."

பந்தி மொத்தமும் சிரித்தது. கலியன் பெண்டாட்டியைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான். பிறகு டம்ளரை அண்ணாந்து ஊற்றிக்கொண்டான். இரண்டாவது டம்ளரை யாரும் கொடுக்கவில்லை. அவனே நீட்டி வாங்கினான்.

"ஒரு நாளுதானடி" என்றான்.

விரலை எடுத்ததும் ஒரே நாளில்தான். கங்கம்மா தன் கையால் எடுத்துக் கொடுத்த சர்க்கரை அது. யாரைத் திட்டுவது?

மறுநாள் விடிந்ததும் தூங்கிக்கொண்டிருந்த ஞானம்மாவை மணிக்கட்டைப் பிடித்து எழுப்பி, கொல்லைக்கு இழுத்து வந்தாள்.

"பாரு."

முருங்கையடி ஈர மண் எறும்பால் கறுத்து நெளிந்தது. ஞானம்மாவுக்குப் புரிந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அமாவாசைக்குத் திருவள்ளூர் கோயில் கொளத்துல நோவு தீர வெல்லம் கரைச்சிடலாம் அண்ணி. சாமி கரைச்சுடும், எல்லாத்தையும்."

"அதுக்கும் வெல்லமா?" கங்கம்மாவின் குரல் கிழிந்தது. "பொறந்தா சக்கர, காது குத்துனா சக்கர, கால எடுத்தாலும் வெல்லமா? ஒரு கிண்ணம் பப்பாளியப் பாத்தா மட்டும் எல்லாருக்கும் சிரிப்பு வருதா?"

ஞானம்மா தரையைப் பார்த்தாள். இரவு கழுவாமல் விட்ட பாயாச அண்டாவிலிருந்து ஓர் எறும்பு வரிசை இறங்கி வந்துகொண்டிருந்தது. மரத்தடியிலிருந்து இன்னொன்று. இரண்டும் கொல்லைப் படிக்குக் கீழே ஒன்றாகி, ஒரே பொந்துக்குள் போயின.

சத்தம் கேட்டுக் கலியன் கதவைத் திறந்தான். நான்கு விரல் கால் படியிலிருந்து இறங்கப் பார்த்தது. கீழே வைக்க இடமில்லாமல் அந்தரத்திலேயே நின்றது.