சோதனைப் படம்

புது மானிட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் ஆல்பக்காரர் அதன் முதுகைத்தான் தேடினார். முன்பக்கத்தை மட்டும் அனுப்பிவிட்டு மிச்சத்தை மறந்துவிட்டார்களோ என்று சந்தேகப்படும்படி அத்தனை தட்டையாக இருந்தது. கல்யாண ஆல்பங்களை வீட்டில் உட்கார்ந்தே வடிவமைத்துக் கொடுத்துத் தலை நரைத்தவர் அவர். அத்தனை வருடமும் முக்கால் மேசையை அடைத்துக்கொண்டு கூடவே உட்கார்ந்திருந்தது குண்டன். பழைய மானிட்டருக்கு அவருடைய மச்சினி வைத்த பெயர் அது. குண்டனைக் காலையிலேயே வாசலுக்கு இறக்கியாகிவிட்டது.

பழக்கதோஷம், குண்டனின் வயரையே புதியதிலும் திருகினார். எழுத்தெல்லாம் ஈரத்தாளில் மை ஊறியதுபோல் தெரிந்தது. வட்டமெல்லாம் முட்டையாகியிருந்தது. வாங்கிக் கொடுத்த மகளைப் போனில் பிடித்தார்.

"அப்பா, பெட்டிக்குள்ள வேற வயர் இருக்கும், அதைப் போடுங்க. ரெக்கமெண்டட்னு காட்டுற அளவையே வைங்க. குண்டன் சட்டையை இதுக்கு மாட்டாதீங்க."

சொன்னபடி செய்தார். திரை ஒருமுறை இருண்டு திரும்பியபோது எழுத்துகள் ஊசியால் கீறியதுபோல் நின்றன. அவருக்கே வாயெல்லாம் பல். தெருவில் பழைய சாமான்காரரின் குரல் கேட்டது. "குண்டனை எடுத்துட்டுப் போகச் சொல்லிடவா?" என்று கூடத்திலிருந்து மனைவி கேட்டாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையாட்டினார்.

புது மை, புதுக் காகிதம், புது பிரிண்டர், எது வந்தாலும் அவர் முதலில் போட்டுப் பார்ப்பது மச்சினியின் படத்தைத்தான். வெள்ளை உடை, கறுத்த கூந்தல், பின்னால் பச்சை இலை, நடுவில் முகம். நிறம் பார்க்க அதைவிடத் தோதான படம் கிடையாது. கேமராவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள், இரவல் கேமராவில் அந்த ஒருமுறைதான் சிரித்துக்கொண்டு நின்றாள். "உங்க மை தீர்றவரைக்கும் நான்தான் மாமா ராணி" என்று கேலி செய்வாள். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவேயில்லை. அதற்குப் பிறகும் அவர் சோதனைப் படத்தை மாற்றவில்லை. வீணான பிரிண்டுகளைக்கூட மனைவி கசக்கவிடமாட்டாள்.

இன்றும் அதைத்தான் திறந்தார். திறந்ததும் கை நின்றுவிட்டது.

கன்னமெங்கும் பொரிபொரியாக இருந்தது. கண்ணைச் சுற்றி வெள்ளைக் கோடு, உதட்டைச் சுற்றிக் கறுப்புக் கோடு. சிரிப்பு வலியில் பல்லைக் கடிப்பதுபோல் இருந்தது. அவருக்கு உடனே விளங்கியது. குண்டன் எதையும் கொஞ்சம் மங்கலாகத்தான் காட்டும்; மை ஊறும் காகிதமும் அப்படித்தான். அந்த மங்கலுக்கு ஈடாக, ஒவ்வொரு படத்தையும் தேவைக்கு மேல் கூர்மையாக்கிவிடுவது அவர் வழக்கம். இதையும் அப்படிக் கூர்மையாக்கி, அசல் மேலேயே சேமித்திருந்தார். அப்போது அது வெறும் சோதனைப் படம். அவள் இல்லாமல் போவாள் என்று யார் கண்டார்கள்?

மென்மையாக்கிப் பார்த்தார். முகம் மெழுகானது. பழையபடி மாற்றினார், மறுபடி பொரிந்தது.

துண்டில் கையைத் துடைத்தபடி மனைவி வந்து பின்னால் நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"யாருங்க இது?"

அவர் திரும்பிப் பார்த்தார். அதற்குள் பின்னாலிருந்த இலைகளை அவள் அடையாளம் கண்டுகொண்டாள். நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்தாள்.

"சின்னவளா இது? இவ இப்படி இருக்கமாட்டாளே."

"குண்டன்ல பார்த்தாத்தான் அவ மாதிரி இருப்பா," என்றார் மெதுவாக.

மனைவி காலியாகிவிட்ட வாசலைப் பார்த்தாள். "அப்போ போய் அவளைக் கூட்டிட்டு வாங்க."

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். தெருமுனையில் வண்டியை மறித்தபோது மூச்சு வாங்கியது. குண்டன் ஓட்டை மின்விசிறிகளுக்கு நடுவே கயிற்றில் கட்டுண்டு கிடந்தது.

"இதுக்குள்ள வெறும் செம்பும் கண்ணாடியும்தாங்க," என்றார் சாமான்காரர்.

"உள்ள எங்க ஆளு ஒருத்தி மாட்டிக்கிட்டா."

சாமான்காரர் சிரித்துக்கொண்டே கயிற்றை அவிழ்த்தார்.

படியேறி வந்து மேசையில் வைத்தபோது ஆல்பக்காரரின் இடுப்பு கழன்றுவிடும்போல் இருந்தது. பழைய வயரைத் திருகினார். பொத்தானை அழுத்தியதும் 'டொய்ங்' என்று ஒரு அதிர்வு. கண்ணாடி கறுப்பாகவே இருந்தது. தூக்கி எறிந்த கோபத்தில் அடம் பிடிக்கிறானோ என்று பயந்தார்.

பிறகு இருட்டுக்குள்ளிருந்து முதலில் வெள்ளை உடை வந்தது. மெல்ல இலைகள். கடைசியாக, அவசரமே இல்லாமல், சிரிப்பு.

மனைவி கையை நீட்டி அந்தக் கன்னத்தைத் தொடப் போனாள். விரல் படுவதற்கு முன்பே கண்ணாடியில் ஊறியிருந்த மின்சாரம் படபடவென்று மெல்லப் பொரிந்தது. அவளுடைய கையில் பூனை முடிகள் ஒவ்வொன்றாக எழுந்து அந்த முகத்தின் பக்கம் சாய்ந்து நின்றன.