கல்லுக்கு ஒரு பெட்டி

ஆரையம்பதியில் தோணி திருத்தும் ஓடாவி ஜெயரூபனுக்கு வலது கை போனது மாரி தொடங்கிய நேரத்தில். கல்லடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது மணலில் சறுக்கி விழுந்தான். எலும்பு ஒன்றும் முறியவில்லை. தோளுக்குள் நரம்பு அறுந்துவிட்டது. கை ஈரத்துணி போலத் தொங்கியது. இனி எழும்பாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

அதன்பிறகு அவன் பட்டறைப் பக்கமே போகவில்லை. மனைவி தக்ஷாயினி தையல் கடைக்குப் போய்ப் பின்னேரம் திரும்பும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். அவள் மூடிவைத்த சோறு பல நாள் அப்படியே இருக்கும்.

வெயில் காலத்தில் நல்லரத்தினம் வந்தார். செட்டிபாளையத்து ஓடாவி, இருவரும் சேர்ந்து எத்தனையோ தோணிகளுக்குப் பலகை மாற்றியவர்கள். வாசல் படலையடியிலேயே நின்று தயங்கினார்.

"தம்பி, குறை நினைக்காத. உன்ட உளி, வாள், வாய்ச்சி ஆயுதமெல்லாம் சும்மாதானே கிடக்கு. துருப்பிடிச்சுப் போயிரும். நான் கொண்டுபோய்ப் பாவிக்கட்டா?"

"ஓம் அண்ணன். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுங்க" என்றான் ஜெயரூபன். குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

அவர் போனதும் பட்டறையைத் திறந்தான். உளிகள் எல்லாம் செம்மண் நிறமாகியிருந்தன. இந்தக் கோலத்தில் எப்படிக் கொடுப்பது? தீட்டியாவது கொடுப்போம் என்று தீட்டுகல்லை நனைத்து மேசையில் வைத்து, இடது கையால் உளியை அழுத்தித் தள்ளினான். கல்லும் கூடவே ஓடியது. தரையில் வைத்துக் காலால் மிதித்துப் பிடித்தான். உளி வழுக்கிக் கால் பெருவிரலைக் கீறியது. மறுபடி மேசையில் வைத்துச் சுவரோடு அண்டக்கொடுத்தான். கல் திரும்பிக் கீழே விழுந்து ஒரு மூலை உடைந்தது.

தக்ஷாயினி வந்தபோது, அவன் தன் வலது கையை இடது கையால் குத்திக்கொண்டிருந்தான்.

"என்ன செய்றீங்க? விடுங்க!"

"நோகுதில்ல. எவ்வளவு குத்தினாலும் நோகுதில்ல" என்று அவன் குழறி அழுதான்.

அவன் காலில் வடிந்த இரத்தத்தை அவள் துடைத்தாள். "கல்லு அசையாம இருக்க என்ன வேணும்?"

"ஒரு பெட்டி. கல்லு இறுக்கமா இருக்கிற மாதிரிப் பள்ளம் தோண்டின பெட்டி. அத மேசையில அடிச்சு விட்டா அசையாது. ஆனா அதத் தோண்டக் கூரான உளி வேணும். உளியத் தீட்டப் பெட்டி வேணும். என்னத்தச் செய்ய?"

அவள் மூலையில் கிடந்த பலகைகளைத் தட்டிப் பார்த்தாள். "இதுல எது மெத்தென்ட மரம்?"

"மா."

மாம்பலகைத் துண்டில் கல்லை வைத்துச் சுற்றிக் கோடு கீறினார்கள். அவள் உளியைப் பிடிக்க, அவன் இடது கையால் மரக் கொட்டாப்புளியை ஓங்கினான். மூன்றாவது அடி அவளுடைய பெருவிரலில் விழுந்தது. அவள் கத்தவில்லை, மூச்சை மட்டும் உள்ளே இழுத்தாள். நகம் கறுத்துக்கொண்டு வந்தது.

ஜெயரூபன் கொட்டாப்புளியை எறிந்தான். உளிகளைச் சாக்கில் அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு வாவிக்கரைக்கு நடந்தான். முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி நின்றான். சாக்கை எறிவதா, சாக்கோடு தானும் போவதா என்று அவனுக்குத் தெரியவில்லை. பின்னால் தண்ணீர் அளைகிற சத்தம் கேட்டது.

"நீங்க பிடிங்க" என்றாள் தக்ஷாயினி. பெருவிரலில் சீலைத்துண்டு சுற்றியிருந்தது. "உளிய நீங்க பிடிங்க. நான் அடிக்கிறன்."

"உனக்கு அடிக்கத் தெரியாது."

"தெரியாதுதான். உங்கட விரலிலயும் விழும். விழட்டும். வாங்க."

அவன் அசையவில்லை. அவள் சாக்கை இழுத்து வாங்கிக்கொண்டு கரையேறினாள். நெடுநேரம் கழித்து அவனும் வந்தான்.

மழுங்கிய உளி மாம்பலகையை வெட்டவில்லை, நசித்தது. அவன் உளியைச் சரித்துக் காட்ட, அவள் அடித்தாள். அவனுடைய விரல்களிலும் விழுந்தது. சனிக்கிழமை கடைக்குப் போகாமல் அவள் பகல் முழுக்க அடித்தாள். ஓரங்கள் எலி கடித்தது போல இருந்தன. பள்ளம் அகன்றுபோய்க் கல் ஆடியது. இடுக்கில் மட்டைத்துண்டுகளைச் செருகினார்கள். ஆட்டம் நின்றது.

பெட்டியை மேசையில் ஆணியடித்து இறுக்கியபின் அவன் உளியை வைத்துத் தள்ளினான். கல் அசையவில்லை. பொழுதுபடும்வரை தள்ளினான். கூர் பார்க்க வலது முன்கையில் வைத்து இழுத்தபோது மயிர் அறுந்து விழுந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நல்லரத்தினம் வந்தபோது, மரம் செதுக்கும் வாய்ச்சியையும் பெரிய வாளையும் ஜெயரூபனே எடுத்துக் கொடுத்தான்.

"இதுக்கு ரெண்டு கை வேணும் அண்ணன். கொண்டுபோங்க. உளி மட்டும் இருக்கட்டும்."

அவர் இரண்டையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். வாய்ச்சி போன தெருவைப் பார்த்து அவன் வாய்விட்டு அழுதான். தக்ஷாயினி தேற்றவில்லை. அழுது முடியட்டும் என்று பக்கத்தில் இருந்தாள். பிறகு, பெட்டிக்கு மூடி எந்தப் பலகையில் செய்வது என்று கேட்டாள்.