காளையோடு பிறந்த கிடாரி

அமிர்தத்துக்கு விஜயராணியைப் பார்த்த அன்றே பிடித்துவிட்டது. மகன் முத்துக்குமரனுக்கு இவளைவிட நல்ல பெண் கிடைக்கமாட்டாள் என்று கரையாம்புத்தூர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். எல்லாம் அந்தப் பெண் ஓர் ஆண்பிள்ளையோடு இரட்டையாகப் பிறந்தவள் என்று தெரியும்வரைதான்.

கொட்டகையில் நிற்கும் செவலைக் கிடாரியும் அப்படித்தான், காளைக்கன்றோடு ஒரே ஈற்றில் பிறந்தது. எத்தனை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. வயிற்றிலேயே காளையின் ரத்தம் இதற்குள் கலந்துவிட்டது என்று மாட்டு டாக்டர் கையை விரித்துவிட்டார். மாட்டுக்கு ஒரு நியாயம், மனுஷிக்கு ஒரு நியாயமா? பேரப்பிள்ளை ஆசையில் மண் விழுந்ததென்றே முடிவுகட்டிய அமிர்தத்துக்குச் சோறு இறங்கவில்லை. நிச்சயத்தை நிறுத்திவிட வேண்டியதுதான்.

அதை எப்படிச் சொல்வது என்று கொட்டகையில் தவித்துக்கொண்டிருந்தபோது விஜயராணியே வந்து நின்றாள். மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சியில் அவளுக்கு வேலை. கருவிலிருக்கும்போது பிள்ளைமேல் ஆண் ஹார்மோன் எவ்வளவு பட்டது என்பதை விரல் நீளத்தை அளந்து கணிப்பார்களாம். அதற்காகத்தான் ஊருக்குள் வந்திருந்தாள்.

அமிர்தத்துக்கு வாய் நிற்கவில்லை. மனதிலிருந்ததைக் கொட்டிவிட்டாள்.

விஜயராணி சிரித்துவிட்டாள். "மாட்டுலதான் அத்தே ரெண்டு கன்னுக்கும் ரத்தக் கொழா ஒண்ணா சேந்துக்கும். எனக்கும் தம்பிக்கும் நஞ்சுக்கொடியே வேற வேற. கைய காட்டுங்க."

அளந்தாள். அமிர்தத்தின் மோதிர விரல் ஆள்காட்டி விரலைவிட நன்றாகவே நீளம்.

"இது ஆம்பளைங்களுக்குத்தான் அதிகம் இருக்கும் அத்தே."

"அடிப்பாவி! நான் மூணு பெத்தவடி!"

"அதான் சொல்றேன். ஆயிரம் பேர ஒண்ணா பாத்தா ஏதோ தெரியும். ஒரு ஆள வெச்சி ஒண்ணும் சொல்ல முடியாது." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அதுக்காக, கொழந்த பொறக்கும்னு நானும் சத்தியம் பண்ண முடியாது. யாராலயும் முடியாது."

கிடாரி கழுத்தை நீட்டி விஜயராணியின் துப்பட்டாவை நக்கியது.

"சினையே நிக்கலன்னீங்களே, இத இன்னும் விக்கலியா?"

"நல்லா கேட்ட போ! நம்ம வூட்டுப் பொண்ணு இது. கன்னு போட்டாத்தான் தீனியா?"

வெடுக்கென்று சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அமிர்தத்தின் காதிலேயே விழுந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. கூடவே, நாலு நாளாக நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது எங்கோ போய்விட்டது.

"டேய் முத்து, வண்டிய எடுடா!" வீட்டைப் பார்த்துக் கத்தினாள். "நிச்சயத்துக்குப் பொடவ எடுக்கணும். என் மருமவளும் கூட வரா."