எர்த்து விட்டுப்போன வண்டி

காலையிலிருந்து தெய்வேந்திரனின் மோட்டார் சைக்கிளில் ஹாரனை அமுக்கினால் அவருடைய மனைவியின் இளவயதுக் குரல் வந்தது. "ஏங்க, மெதுவாப் போங்க. அதுக்குள்ள வீடு வந்துரும்" என்றது. அதில் அவருக்குக் குறை ஒன்றும் இல்லை. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. அதுதான் குறை.

சாயங்கால ரயிலில் அவர் மனைவி செண்பகவல்லி ஓசூருக்குப் போக வேண்டும். மகள் பூரணிக்குப் பிரசவ லீவு முடிந்துவிட்டது. பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. எப்போது திரும்புவாள் என்று செண்பகவல்லி சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

வண்டியைத் தள்ளிக்கொண்டு இருவரும் ஜேசுபாலனின் ஒர்க்‌ஷாப்புக்கு நடந்தார்கள். தெரு வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. கோவில்பட்டி வெயிலில் அப்படி ஆவதுண்டு. நடுவில் செண்பகவல்லி துணிப்பையைக் கைமாற்றிக்கொண்டாள். முட்டிவலி.

தெய்வேந்திரன் இந்த வண்டியை வாங்கிய நாளிலிருந்து அதைப் பார்த்து வருகிற மெக்கானிக் ஜேசுபாலன். பிளக்கைக் கழற்றி எஞ்சின்மேல் வைத்து கிக்கரை உதைத்தார். பொறி வரவில்லை. புதுச் சுண்ணாம்பு வாசம் வந்தது.

"நாம முதல்ல குடியிருந்த வீட்டு வாசம்" என்றாள் செண்பகவல்லி.

ஜேசுபாலன் இடப்பக்க இண்டிகேட்டரைப் போட்டார். ஒர்க்‌ஷாப்புக்கு இடப்பக்கம் மட்டும் மழை பெய்தது. கல்யாணமான புதிதில் கயத்தாறு ரோட்டில் தெய்வேந்திரனும் செண்பகவல்லியும் தொப்பலாக நனைந்த அதே மழை. அணைத்தார். நின்றது.

"பேட்டரி நல்லாத்தான் இருக்கு. பியூஸும் போகல" என்றார் ஜேசுபாலன். "எர்த்து விட்டுப்போச்சு அண்ணாச்சி."

"அப்படின்னா?"

"போன கரண்ட் திரும்பி வர வழி வேணும்லா? அது இல்லாம கண்ட எடத்துக்கும் சுத்துது. ஹெட்லைட்டுக்குப் போறது உங்க கல்யாணத்துக்குப் போயிட்டு வருது."

"சரி பண்ண முடியுமா?"

"போல்ட்டக் கழட்டி, துருவச் சொரண்டி, முறுக்குனா வண்டி ஓடும். இதெல்லாம் நின்னுரும்."

தெய்வேந்திரன் ஹாரனைத் தொட்டுப் பார்த்தார். "அவசரமில்ல. மெதுவாப் பாருங்க" என்றார்.

செண்பகவல்லி ஹாரனை அமுக்கினாள். குரல் வந்தது.

"யாருங்க அந்தப் பொண்ணு?"

"நீதான்."

"நான் இப்படியா பேசுனேன்?"

"இப்படித்தான்."

"ஒரு நாளும் நீங்க சொல்லலையே."

மறுபடி அமுக்கினாள். "யாரது, சும்மா சும்மா அமுக்கிக்கிட்டு?" என்றது ஹாரன்.

"நான் செண்பகவல்லி."

"நானுந்தான். ஏன் உங்களுக்கு மூச்சு வாங்குது?"

"நடந்து வந்தேன். உனக்குக் கைக்குழந்தை பாக்கத் தெரியுமா?"

"தெரியாது. ஆசையா இருக்கு."

"அது போதும்" என்ற செண்பகவல்லி, ஜேசுபாலனிடம் திரும்பினாள். "அந்த ஹெட்லைட்டத் தெறங்க."

அவர் திருகாணியைக் கழற்றினார். கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு உள்ளிருந்து ஒரு பெண் இறங்கினாள். வாடாமல்லி நிறச் சேலை. கையில் கண்ணாடி வளையல். அந்த வளையல் கயத்தாறு மழையில் உடைந்தது தெய்வேந்திரனுக்கு நினைவிருந்தது. அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"இவர் யாரு?" என்றாள் அவள்.

"உன் வீட்டுக்காரர்."

"எங்க வீட்டுக்காரருக்குத் தல நெறைய முடி."

"அதுவும் கரண்ட் மாதிரித்தாம்மா. போயிருச்சு" என்றார் ஜேசுபாலன்.

நேரமாகிவிட்டதால் ரயில் ஒர்க்‌ஷாப்புக்கே வந்தது. டயர்கள் அடுக்கியிருந்த இடத்தில் ஒரு பெட்டியின் வாசல் நின்றது. செண்பகவல்லி துணிப்பையை அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள்.

"பேரனுக்கு ராத்திரி வயிறு பொருமும். ஓம வாட்டர் பையில இருக்கு. தூக்கிக்கிட்டே நடக்கணும். உனக்கு முட்டி நல்லா இருக்கு."

"சரிக்கா."

இருவரில் யாரை நிறுத்திக்கொள்வது என்று கேட்டிருந்தால் தெய்வேந்திரன் என்ன சொல்லியிருப்பாரோ, அவருக்கே தெரியாது. யாரும் கேட்கவில்லை. அந்தப் பெண் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து கம்பி வழியாக அவரைப் பார்த்தாள்.

"பெரியவரே, எங்க வீட்டுக்காரர் வந்தா சொல்லிருங்க. ஒரு வாரத்துல வந்துருவேன்."

"சொல்லிடுறேன்" என்றார் தெய்வேந்திரன். 

ரயில் போனது. ஜேசுபாலன் துருவைச் சுரண்டி போல்ட்டை முறுக்கினார். முதல் உதையிலேயே வண்டி ஸ்டார்ட் ஆனது. செண்பகவல்லி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினாள். பையில்லாமல் அவள் கை சும்மா இருந்தது. அது தோளிலேயே இருந்தது.

மறுநாள் காலை பூரணி போன் செய்தாள்.

"அப்பா, அம்மா வந்து சேர்ந்துட்டாங்க. புள்ள அவங்க இடுப்ப விட்டு எறங்கவே மாட்டேங்கான். ஆனா என்னைய அக்கா, அக்கான்னு கூப்பிடுறாங்கப்பா."

"கூப்பிட்டாக் கூப்பிட்டுட்டுப் போறா" என்றார் தெய்வேந்திரன். செண்பகவல்லி அடுக்களையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவளுக்கு மொதல்ல சாப்பிட ஏதாவது குடு. அந்த வயசுல அவளுக்கு நல்லாப் பசிக்கும். வாயத் தொறந்து கேக்க மாட்டா."