பந்தெலிமோனின் இருபத்து நான்கு துண்டுகள்

எங்கள் ஆற்றங்கரைக் கிராமமான கிரிந்தேனியில் இறந்தவர் பெயரில் கொடுக்கும் துண்டு ஓராண்டுக்குள் வெளுத்துவிடும். சவப்பெட்டி தூக்கியவர்களுக்கும் குழி வெட்டியவர்களுக்கும் கொடுப்பது மேலுலகத்தில் இறந்தவர் கைக்குப் போய்ச் சேர்கிறது. அவர் அங்கே முகம் துடைக்கத் துடைக்க இங்கே சாயம் போகிறது. கொல்லன் இறந்தபோது கொடுத்தவை வெளுப்பதற்கு முன் கரி பிடித்தன. ஒரு கைக்குழந்தைக்காகக் கொடுத்தது ஓரத்தில் மட்டும், வாய் துடைக்கிற அளவுக்கு, வெளுத்தது. அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

ஆகவே மீனவன் பந்தெலிமோனின் துண்டுகள் வெளுக்காதது ஊருக்கே தலைவலியாயிற்று. ஒரு மார்ச் மாதம் அவனுடைய படகு மட்டும் டான்யூப் ஆற்றில் மிதந்து வந்தது. மனைவி செவஸ்தியா நாற்பது நாள் காத்திருந்துவிட்டு, அவனுடைய ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் பெட்டியில் கிடத்திப் புதைத்தாள். தானே நெய்த இருபத்து நான்கு சிவப்புத் துண்டுகளை, முனையில் மெழுகுவத்தி முடிந்து, அவன் பெயர் சொல்லிக் கொடுத்தாள். மூழ்கியவனுக்கு ஈரம் அதிகம், ஒரே மாதத்தில் வெளுக்கும் என்றார்கள். நான்காண்டு போயிற்று. பெண்கள் சாம்பல் நீரில் ஊறவைத்தார்கள், புல்மேல் விரித்து வெயிலில் போட்டார்கள். சிவப்பு அசையவில்லை.

"அக்கா, உன் புருஷன் எங்கேயோ நல்லா தின்னுக்கிட்டு உக்காந்திருக்கான். மூஞ்சி துடைக்க வேற துண்டு கெடச்சிருக்கு" என்று பக்கத்து வீட்டு கதிங்கா வேலிக்கு மேல் எட்டிச் சொன்னாள். செவஸ்தியாவுக்கு அவமானத்தில் காது சுட்டது.

தோணிக்காரன் காவ்ரில் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டான். அவளுக்கும் சம்மதம்தான். பாதிரியார் இஃப்திமி கையை விரித்தார்.

"சர்க்கார் காகிதம் அவன் செத்துட்டான்னு சொல்லுது. துண்டு சொல்லலியேம்மா, நான் என்ன பண்ண?"

"சாமி, எனக்கு நாப்பத்தொண்ணு ஆவுது. துண்டுக்கு வயசாவலன்னா எனக்கும் ஆவாதா?"

அவர் வருத்தப்பட்டார், இறங்கி வரவில்லை. காவ்ரில் ஒவ்வொரு ஈஸ்டருக்கும் புதுச்சட்டை போட்டு வந்து கேட்டான். ஐந்தாவது சட்டைக்குள் தலை வழுக்கையாயிற்று.

பத்தாம் ஆண்டு நோன்புக்காலத்தில், ஒரு வியாழக்கிழமை, இருபத்து நான்கு வீட்டிலும் துண்டுகள் வெளுக்கத் தொடங்கின. கோடைக்குள் இளஞ்சிவப்புக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டன. அடுத்த ஈஸ்டர் வரை பார்த்தும் ஒரு நூல்கூட மேற்கொண்டு வெளுக்கவில்லை. பாதிரியார் ஒன்றை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"போன வருச நோன்புலதான் செத்திருக்கான். எங்கேயோ இன்னொருத்தியும் அவன் பேர்ல துண்டு குடுத்திருக்கா. ஒரு நாள் அதுல துடைக்கிறான், ஒரு நாள் இதுல" என்றார். பிறகு, "பாதி வெளுத்தாலும் சாவு சாவுதான்" என்று திருமணத்துக்கு நாள் குறித்தார்.

செவஸ்தியா சாபம் விடுவாள் என்று கதிங்கா வேலியோரம் காத்திருந்தாள். அவளோ முற்றத்தில் உட்கார்ந்து, பத்து வருடமாக அழாததையும் சேர்த்து அழுதாள்.

"இன்னுமா அவன நெனச்சு அழுவுற?" என்றான் காவ்ரில்.

"அவன் கெடக்கான். அந்தப் பொம்பளய நெனச்சுத்தான். அவ ஊர்ல இதுக்கு அர்த்தம் சொல்ல யாரு இருக்கா? ஏமாந்ததுகூடத் தெரியாம, சோப்பு சரியில்லன்னு கடைக்காரன்கிட்ட சண்டை போட்டுக்கிட்டிருப்பா."

அக்டோபரில் திருமணம் நடந்தது. மிச்சச் சிவப்பு அந்த இன்னொருத்தியுடையது என்று ஊரும் ஒப்புக்கொண்டது. அந்தத் துண்டுகளைப் பிறகு யாரும் வெயிலில் போடவில்லை.